திறமையா, நடத்தையா? என்எஃப்எல் டிராஃப்ட் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கால்பந்தைப் புதிதாகப் பார்க்கத் தொடங்கியவர்களுக்கு ஏப்ரல் மாதம் ஒரு குழப்பம் வரும். கல்லூரி ஆட்டங்களில் எதிரணிகளைக் கதிகலங்க வைத்த ஒருவர், என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் நாளில் தன் பெயர் கூப்பிடப்படாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். விசாரித்தால் பின்னால் ஒரு கைது, ஒரு காணொளி, ஒரு வழக்கு என்று ஏதாவது இருக்கும். இந்தக் கணக்கை அணிகள் எப்படிப் போடுகின்றன, எந்த இடத்தில் தப்பாகப் போடுகின்றன என்பதற்கான பதில்கள் இவை.

டிராஃப்ட் என்பது ஐபிஎல் ஏலம் மாதிரியா?

இல்லை. ஏலத்தில் பணம் பேசும். இங்கே வரிசை பேசும். 32 அணிகள், ஏழு சுற்றுகள். முந்தைய பருவத்தில் மோசமாக ஆடிய அணிக்கு முதல் வாய்ப்பு, கோப்பை வென்ற அணிக்குக் கடைசி வாய்ப்பு. தன்னை எடுக்கும் அணியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வீரருக்குக் கிடையாது. எத்தனையாவது ஆளாக எடுக்கப்படுகிறாரோ அதை வைத்தே முதல் ஒப்பந்தத்தின் தொகை ஏறக்குறைய முடிவாகிவிடும். அதனால் ஒருவர் பத்து இடம் பின்னுக்குப் போனால் பல மில்லியன் டாலர் போய்விடும். அணிக்கோ, அதே ஆள் மலிவாகக் கிடைக்கிறார். இந்த மலிவுதான் பல நிர்வாகங்களின் கண்ணை மறைக்கிறது.

‘களத்துக்கு வெளியே உள்ள ஆபத்து’ என்றால் எதைச் சொல்கிறார்கள்?

கஞ்சா சோதனையில் சிக்கியது, வகுப்புக்குப் போகாதது, பயிற்சியாளரிடம் எதிர்த்துப் பேசியது, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது, காதலியை அடித்தது. இவ்வளவையும் ஒரே மூட்டையாகக் கட்டி, மேலே ‘நடத்தைப் பிரச்சினை’ என்று எழுதி வைத்துவிடுகிறார்கள். என் முதல் சண்டையே இந்த மூட்டையோடுதான்.

தன் உடம்பையும் தன் பிழைப்பையும் மட்டும் கெடுத்துக்கொள்ளும் ஆள் ஒரு வகை. தடை வாங்கி, ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு இல்லாமல் போய் அணியைத் தவிக்கவிடும் ஆள் இரண்டாவது வகை. இன்னொரு மனிதரின் மீது கை வைக்கும் ஆள் மூன்றாவது வகை. முதல் இரண்டையும் எடைபோடலாம், விலை பேசலாம், உதவி செய்து திருத்தவும் பார்க்கலாம். மூன்றாவதில் அடிபடப்போகிறவர் அந்தப் பேரத்தில் உட்காரவே இல்லை. அவர் சார்பில் ‘பரவாயில்லை’ என்று சொல்லும் உரிமை, அணிக்கு ஆள் எடுக்கும் எந்தப் பொது மேலாளருக்கும் கிடையாது.

அணிகள் ஒருவரைப் பற்றி எப்படி விசாரிக்கின்றன?

இண்டியானாபொலிஸ் நகரில் டிராஃப்டுக்குச் சில வாரங்கள் முன்பு ‘கம்பைன்’ என்ற சோதனை முகாம் நடக்கும். ஓட்டம், குதிப்பு, மருத்துவப் பரிசோதனை எல்லாம் அங்கே. 2020 முதல் உள்ள ஏற்பாட்டின்படி, ஓர் அணி அங்கே 45 வீரர்களைத் தனித்தனியாக அழைத்து ஆளுக்கு 18 நிமிடம் நேர்காணல் செய்யலாம். பிறகு 30 பேர் வரை தங்கள் ஊருக்கே வரவழைத்து ஒருநாள் முழுக்கப் பார்க்கலாம்.

18 நிமிடத்தில் ஒரு மனிதரைப் பற்றி என்ன தெரியும்? வீரரின் முகவர்கள் கேள்வி பதிலை மாதக்கணக்கில் ஒப்பிக்க வைத்துத்தான் அனுப்புகிறார்கள். ஆகவே உண்மையான வேலை நடப்பது கல்லூரியில். நல்ல ஸ்கவுட் (அணிக்காக வீரர்களைத் தேடி எடைபோடுபவர்), தலைமைப் பயிற்சியாளரோடு நின்றுவிட மாட்டார்; அவருக்குத் தன் மாணவர் நல்ல இடத்தில் தேர்வாக வேண்டும் என்ற ஆசை இருக்கும். சீருடை கொடுத்து வாங்கும் பணியாளர், காயத்துக்குக் கட்டுப்போடுபவர், படிப்பு ஆலோசகர், பள்ளிக் காலத்துப் பயிற்சியாளர் ஆகியோரிடம் ஒரே கேள்வியைத் தனித்தனியாகக் கேட்பார். தன்னால் எந்தப் பயனும் இல்லாத ஆளிடம் அந்த வீரர் எப்படி நடந்துகொள்கிறார் என்பது அங்கேதான் தெரியும். காவல்துறையில் இருந்தவர்களை அணிகள் பாதுகாப்புப் பிரிவில் வைத்திருப்பதும் வழக்கு ஆவணங்களைத் தோண்டத்தான்.

2016 முதல் ஒரு விதி உண்டு: வன்முறைக் குற்றத்தில் தண்டனை பெற்றவருக்குக் கம்பைன் அழைப்பு கிடையாது. 2017-இல் ஓக்லஹோமாவின் ஜோ மிக்சனுக்கு அப்படித்தான் கதவு மூடப்பட்டது. நோக்கம் நல்லது, விளைவு அரைகுறை. அதிகமாக விசாரிக்க வேண்டிய ஆளை எல்லா அணிகளும் ஓரிடத்தில் விசாரிக்கும் வாய்ப்பு போனது, அவரைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்போ அப்படியே இருந்தது.

பயந்து ஒதுக்கி, பிறகு வருந்திய அணிகள் உண்டா?

நிறைய. ராண்டி மாஸ் கதை எல்லோருக்கும் தெரிந்தது. பள்ளி நாளில் ஒரு சண்டை, அதில் தண்டனை; நோட்ர் டேம் பல்கலைக்கழகத்தில் கிடைத்த இடம் போனது. கஞ்சா காரணமாக ஃபுளோரிடா ஸ்டேட்டிலும் வெளியேற்றம். கடைசியில் மார்ஷல் என்ற சிறிய கல்லூரியில் ஆடி எல்லாச் சாதனைகளையும் புரட்டிப்போட்டார். ஆனாலும் 1998 டிராஃப்டில் 20 பேர் எடுக்கப்பட்ட பிறகே மினசோட்டா வைக்கிங்ஸ் அவர் பெயரைச் சொன்னது.

போதைப்பொருள் வழக்கால் ஏற்கெனவே பெயர் கெட்டிருந்த டாலஸ் கௌபாய்ஸ், எட்டாவது இடத்தில் அவரைத் தாண்டிப்போனது. அந்த ஆண்டு நன்றி நவிலல் நாளில் டாலஸ் மைதானத்துக்கே போய் மாஸ் ஆடினார். மூன்றே மூன்று பந்துகள் பிடித்தார். மூன்றும் டச் டவுன், அதாவது பந்தோடு எதிரணியின் எல்லைக்கோட்டைத் தொட்டு எடுக்கும் புள்ளிகள். மொத்தம் 163 யார்டு. அறிமுகப் பருவத்தில் மட்டும் 17 டச் டவுன் பிடித்தவர், 2018-இல் புகழரங்கில் இடம்பெற்றார்.

வாரன் சாப்பும் அப்படியே. போதைச் சோதனையில் சிக்கினார் என்ற செய்தி 1995 டிராஃப்ட் சமயத்தில் வெளியாக, 12-ஆம் இடத்துக்குப் போனார். எடுத்த டம்பா பே, பின்னாளில் அவரை வைத்து லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பௌலை வென்றது.

துணிந்து எடுத்துக் கெட்டுப்போன அணிகள்?

லாரன்ஸ் ஃபிலிப்ஸ். இந்தக் கதையை ஒவ்வொரு டிராஃப்ட் அறையிலும் சுவரில் எழுதிவைக்க வேண்டும்.

நெப்ராஸ்கா பல்கலைக்கழகத்தின் ரன்னிங் பேக், அதாவது பந்தை ஏந்தி ஓடுபவர். 1995 செப்டம்பரில் தன் முன்னாள் காதலியைத் தாக்கினார். சில ஆட்டங்கள் இடைநீக்கம், பிறகு பருவம் முடிவதற்குள் மீண்டும் அணியில். தேசியப் பட்டத்துக்கான ஆட்டத்தில் அவர் ஓடியது 165 யார்டு. அந்த ஓட்டம் ஸ்கவுட்களின் கண்ணில் நின்றது, அந்தப் பெண்ணுக்கு நடந்தது நிற்கவில்லை. 1996-இல் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் ஆறாவது ஆளாக அவரை எடுத்தது. எடுத்த கையோடு, அதே இடத்தில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த ஜெரோம் பெட்டிஸைப் பிட்ஸ்பர்குக்கு அனுப்பிவிட்டது.

ராம்ஸ் ஃபிலிப்ஸை 1997 நவம்பரில் விரட்டியது. பெட்டிஸ் மொத்தம் 13,662 யார்டு ஓடி, 2006 பிப்ரவரியில் சூப்பர் பௌல் கோப்பையோடு ஓய்வு பெற்று, 2015-இல் புகழரங்கில் நுழைந்தார். ஃபிலிப்ஸ் அதன் பிறகும் பெண்களைத் தாக்கினார், பதின்வயதினர் மீது காரை ஏற்றினார், முப்பது ஆண்டுகளுக்கு மேல் சிறைத் தண்டனை பெற்றார், 2016 ஜனவரியில் சிறையிலேயே இறந்தார். ராம்ஸ் இழந்தது ஒரு டிராஃப்ட் இடத்தை மட்டும் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். குழந்தைப் பருவத்திலிருந்தே உதவி தேவைப்பட்ட ஒருவர், பந்தோடு ஓடியதால் மட்டும் ஒவ்வொரு கட்டத்திலும் அடுத்த கட்டத்துக்குத் தள்ளிவிடப்பட்டார். வழியில் அடிபட்டவர்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

அடுத்தது ஆரன் ஹெர்னாண்டஸ். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தின் டைட் எண்ட், அதாவது தடுப்பதும் பந்து பிடிப்பதும் செய்பவர். முதல் இரண்டு சுற்றுகளுக்கான திறமை. கஞ்சா, சகவாசம் பற்றிய பேச்சால் 2010-இல் நான்காம் சுற்றுக்கு, 113-ஆம் இடத்துக்கு வந்தார். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் அள்ளிக்கொண்டது. இரண்டு ஆண்டுகள் பிரமாதமாக ஆடினார், அதோடு பழைய கோப்பு மூடப்பட்டுவிட்டது. 2012 ஆகஸ்டில் 40 மில்லியன் டாலர் வரை போகும் புதிய ஒப்பந்தம், அதில் 12.5 மில்லியன் முன்பணம். 2013 ஜூனில் கொலை வழக்கில் கைது. அன்றே அணியிலிருந்து நீக்கம். 2015-இல் ஆயுள் தண்டனை, 2017-இல் சிறையில் தற்கொலை. நான்காம் சுற்றில் எடுத்தபோது இழக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை என்று தோன்றியிருக்கும். கேள்விகள் ஓயாத ஆளைப் பற்றிய விசாரணை டிராஃப்ட் இரவோடு முடியக்கூடாது. இரண்டாவது ஒப்பந்தத்தின்போது முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பிந்தைய சுற்றில் எடுத்தால் ஆபத்து குறைந்துவிடுமா?

அணியின் பணத்துக்கு வேண்டுமானால் குறையும். 2010-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்டுக்கு உறுதி செய்யப்பட்ட தொகை மட்டும் 50 மில்லியன் டாலர். 2011-இல் புதிய ஊதிய வரம்பு வந்தது. அந்த ஆண்டின் முதல் ஆளான கேம் நியூட்டனுக்கு நான்கு ஆண்டுகளுக்கு மொத்தமே 22 மில்லியன் சொச்சம். அதாவது முதல் சுற்றுத் தவறுகூட இப்போது அணியைக் கவிழ்க்காது. ஐந்தாம் சுற்றுத் தவறு கணக்கிலேயே வராது.

டைரீக் ஹில் வந்தது இந்த வாசல் வழியாகத்தான். கர்ப்பிணியான காதலியைத் தாக்கிய வழக்கில் ஓக்லஹோமா ஸ்டேட் அவரை நீக்கியது; குற்றத்தை ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் இருந்தார். 2016-இல் கான்சாஸ் சிட்டி ஐந்தாம் சுற்றில், 165-ஆம் ஆளாக அவரை எடுத்தது. ஆட்டத்தை மட்டும் பார்த்தால் அந்த ஐந்தாம் சுற்று இடம் போல லாபம் தந்தவை அபூர்வம். கோப்பையும் வந்தது, 2022-இல் மயாமிக்கு அவரை மாற்றியபோது பதிலுக்கு ஐந்து டிராஃப்ட் இடங்களும் (ஆள் எடுக்கும் வாய்ப்புகள்) வந்தன.

ஆனால் 2019 வசந்தத்தை மறக்க முடியாது. அவர் வீட்டில் குழந்தை காயப்பட்டது பற்றிய விசாரணை. டிராஃப்டின் முதல் இரவிலேயே ஓர் ஒலிப்பதிவு வெளியாக, அணி அவரை எல்லா நடவடிக்கைகளிலிருந்தும் ஒதுக்கிவைத்தது. மறுநாள் இரண்டாம் சுற்றில், வரிசையில் முன்னேறுவதற்கு விலை கொடுத்து, அதே போல மின்னல் வேகக்காரரான மெக்கோல் ஹார்ட்மனை எடுத்தது. வழக்குத் தொடரப்படவில்லை, லீக்கும் தண்டிக்கவில்லை, ஹில் திரும்பினார். இருந்தாலும் மூன்று ஆண்டுகளுக்கு முன் ‘மலிவு’ என்று எடுத்த ஆளுக்கு மாற்று தேட ஓர் இரண்டாம் சுற்று இடம் செலவானது என்பதைப் பாருங்கள்.

சுற்று தள்ளிப்போவதால் குறைவது அணியின் முதலீடு. அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவரின் ஆபத்து 165-ஆம் இடத்திலும் அதேதான், ஆறாம் இடத்திலும் அதேதான். மேலே சொன்ன மிக்சன் ஒரு பெண்ணின் முகத்தில் குத்தும் காணொளியை எல்லா அணிகளும் பார்த்திருந்தன. அதற்குப் பின் சின்சினாட்டி அவரை 48-ஆம் ஆளாக எடுத்தது. ஒரு பெண்ணின் முக எலும்பு உடைந்ததற்கு ‘ஒரு சுற்று தள்ளுபடி’ என்று சந்தை விலை போட்டதாகத்தான் எனக்கு அது படுகிறது.

அப்படியானால் புகார் வந்தாலே ஒதுக்கிவிட வேண்டுமா?

கூடாது. இதற்கு லாயெல் காலின்ஸைப் படிக்க வேண்டும். லூசியானா ஸ்டேட்டின் லைன்மேன் (முன்வரிசையில் நின்று தடுப்பவர்), 2015-இல் முதல் சுற்று உறுதி என்று பேசப்பட்டவர். டிராஃப்டுக்குச் சில நாள்கள் முன்பு, அவருடைய முன்னாள் காதலியின் கொலை குறித்து அவரிடம் பேச விரும்புவதாகக் காவல்துறை சொன்னது. அவர் சந்தேக நபர் அல்ல என்றும் அதே காவல்துறையே சொன்னது. ஆனாலும் ஏழு சுற்றுகள் முடிந்தன. 256 பெயர்கள் வாசிக்கப்பட்டன. அவர் பெயர் வரவில்லை. பிறகு டாலஸ் மூன்று ஆண்டுகளுக்கு 1.7 மில்லியன் டாலர் அளவில் ஒப்பந்தம் செய்தது. முதல் சுற்றில் கிடைத்திருக்கக் கூடியதோடு ஒப்பிட்டால் அது சிறு தொகை. அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் பதிவாகவில்லை.

முப்பத்திரண்டு அணிகளுக்கும் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், புலனாய்வாளர்கள் இருக்கிறார்கள். கடைசிச் சுற்றுகளிலாவது ஓர் இடத்தைச் செலவழிக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. சாட்சியத்தைவிடத் தலைப்புச் செய்திக்குப் பயந்ததன் விளைவு இது.

2017-இல் கேரியன் கான்லி மீது டிராஃப்டுக்கு முந்தைய நாள்களில் பாலியல் புகார் எழுந்தது. ரெய்டர்ஸ் தானே விசாரித்துவிட்டு 24-ஆம் ஆளாக எடுத்தது. சில மாதங்களில் அவர் மீது குற்றம் சாட்ட முகாந்திரம் இல்லை என்று முடிவானது. நிரூபணமான வன்முறையையும் காற்றில் வந்த சேதியையும் ஒரே பட்டியலில் வைப்பவர்கள் இரண்டு பக்கத்துக்கும் அநியாயம் செய்கிறார்கள்: குற்றமற்றவர் பணத்தை இழக்கிறார், குற்றம் செய்தவர் ‘எல்லார் மீதும்தான் புகார் வருகிறது’ என்று தப்புகிறார்.

கஞ்சா விவகாரம் இன்னும் பெரிதாகப் பார்க்கப்படுகிறதா?

முன்போல இல்லை. 2016 டிராஃப்ட் தொடங்கும் நேரத்தில் லாரமி டன்சிலின் சமூக ஊடகக் கணக்கில் யாரோ புகுந்து, அவர் முகமூடி வழியாகப் புகைக்கும் பழைய காணொளியை ஏற்றிவிட்டார்கள். அந்த ஒரு சில நிமிடங்களில் 13-ஆம் இடத்துக்குச் சரிந்தார். பிறகு லீக்கின் சிறந்த இடது டாக்கிள்களில் (முன்வரிசையின் இடது ஓரத்தில் தடுப்பவர்கள்) ஒருவராக ஆனார். 2019-இல் அவரை வாங்க ஹூஸ்டன் இரண்டு முதல் சுற்று இடங்களைக் கொடுத்தது. லீக்கும் வீரர் சங்கமும் செய்த 2020 ஒப்பந்தத்துக்குப் பின் கஞ்சா சோதனையில் சிக்கினால் ஆட்டத் தடை இல்லை. 2015-இல் இதே காரணத்துக்காக இரண்டாம் சுற்றுக்குத் தள்ளப்பட்டு, பிறகு பருவக்கணக்கில் தடையில் கழித்த ராண்டி கிரிகரி, சில ஆண்டுகள் தாமதமாகப் பிறந்திருந்தால் வாழ்க்கையே வேறு.

எந்த அணிக்குப் போகிறார் என்பது முக்கியமா?

மிக முக்கியம். மாஸ் போய்ச் சேர்ந்த வைக்கிங்ஸில் கிறிஸ் கார்ட்டர் இருந்தார். குடியாலும் போதையாலும் முந்தைய அணியிலிருந்து துரத்தப்பட்டு, மீண்டு வந்தவர். தான் விழுந்த பள்ளம் எது என்று இளையவருக்குக் காட்ட அவருக்குத் தெரியும். டைரன் மாத்தியூ போதைச் சோதனைகளில் சிக்கிக் கல்லூரி அணியிலிருந்து நீக்கப்பட்டவர். 2013-இல் அரிசோனா மூன்றாம் சுற்றில் எடுத்தபோது அங்கே கல்லூரித் தோழர் பேட்ரிக் பீட்டர்சன் அவருக்குப் பொறுப்பேற்றார். 2015-இல் மாத்தியூ லீக்கின் தலைசிறந்த பதினொருவர் பட்டியலில்.

அண்மைய உதாரணம் ஜேலன் கார்ட்டர். 2023 ஜனவரியில் ஜார்ஜியா பல்கலைக்கழக அணியின் ஒரு வீரரும் ஓர் ஊழியரும் கார் விபத்தில் இறந்தார்கள். வேறு வண்டியில் இருந்த கார்ட்டர் பந்தய வேகத்தில் ஓட்டியதாக, கம்பைன் நடந்துகொண்டிருந்தபோதே பிடியாணை வந்தது. வழக்கை எதிர்க்காமல் ஓராண்டு கண்காணிப்பை ஏற்றார். அந்த ஆண்டு டிராஃப்டிலேயே சிறந்த தற்காப்பு வீரர் என்று கருதப்பட்டவரைப் பல அணிகள் விட்டுவிட, ஃபிலடெல்பியா ஈகிள்ஸ் ஓர் இடம் முன்னேறி ஒன்பதாவதாக எடுத்தது. ஜோர்டன் டேவிஸ், நகோபி டீன் என்று அவருடைய ஜார்ஜியா தோழர்கள் அங்கே ஏற்கெனவே இருந்தார்கள். 2025 பிப்ரவரியில் ஈகிள்ஸ் 40-22 என்று சூப்பர் பௌல் வென்றபோது நடு வரிசையில் அவர்தான். அதே 2025 செப்டம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே எதிரணி வீரர் மீது துப்பி வெளியேற்றப்பட்டதும் அவர்தான். நல்ல சூழல் ஒருவருக்குத் துணை நிற்கும். எல்லாவற்றையும் கழுவித் துடைத்துவிடாது.

கோப்பு சுத்தமாக இருந்தால் கவலை இல்லையா?

ஹென்றி ரக்ஸ் 2020-இல் 12-ஆம் ஆள். 2021 நவம்பரில், குடித்துவிட்டு மணிக்கு 250 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டி ஓர் இளம்பெண்ணின் உயிரைப் பறித்தார். டிராஃப்டின்போது அவர் வேகத்தைப் பற்றித்தான் பேச்சு; நடத்தையைப் பற்றி அல்ல. இருபது வயதில் கையில் கோடிகள் வரும் எல்லோருக்குமே காவல் தேவை.

நீங்கள் பொது மேலாளராக இருந்தால் என்ன செய்வீர்கள்?

வீரரின் விளக்கத்துக்கு முன்பு, பாதிக்கப்பட்டவரின் வாக்குமூலத்தைப் படிப்பேன். பயிற்சியாளர்கள் ஆட்டக் காணொளியைப் பார்ப்பதற்கு முன்பே அதைப் படிக்கச் சொல்வேன்; ஒருவர் ஓடும் அழகைப் பார்த்த பிறகு அந்த வாக்குமூலத்தில் ஓட்டை தேடத்தான் மனசு போகும். பிறகு ஒரு கேள்வி: இவர் ஏழாம் சுற்று அளவுக்குச் சாதாரண ஆட்டக்காரர் என்றால், இதே கோப்போடு எடுப்போமா? ‘மாட்டோம்’ என்றால் நாம் அவர் திருந்தியதை நம்பவில்லை, வேகத்தை நம்புகிறோம் என்று பொருள்.

மனிதர்களைத் தாக்குவது ஒரு முறைக்கு மேல் நடந்திருந்தால் அவர் பெயர் எங்கள் தேர்வுப் பட்டியல் பலகையில் எந்தச் சுற்றிலும் இருக்காது. ஒரு முறை என்றால், நீதிமன்றம் சொன்னதைத் தாண்டி அவராக என்ன செய்தார் என்று பார்ப்பேன்: சிகிச்சைக்குப் போனாரா, எத்தனை மாதம் தொடர்ந்தார், பழைய கூட்டத்தை விட்டாரா. போதை, குடி, சோம்பல் போன்றவற்றுக்கு வேறு அளவு: எங்கள் கட்டடத்தில் அவரைத் தினமும் பார்க்கப்போகும் ஆளின் பெயரைச் சொல்லுங்கள், எடுக்கலாம். பெயர் சொல்ல ஆளில்லை என்றால் வேண்டாம்.

டிராஃப்டுக்கு முந்தைய வாரத்தில் வரும் வதந்திகளை எவ்வளவு நம்பலாம்?

யாருக்கு லாபம் என்று பார்த்து நம்புங்கள். 20-ஆம் இடத்தில் உள்ள அணிக்கு ஓர் ஆள் வேண்டுமென்றால், அவர் முன்னால் போகாமல் இருப்பது அதற்கு நல்லது. பெயர் சொல்லாத ‘ஒரு ஸ்கவுட்’ தரும் செய்தியில் இந்த வாசனை இருக்கலாம். 1983-இல் டான் மரீனோ போதைப்பொருள் பயன்படுத்துகிறார் என்று ஆதாரமில்லாத பேச்சு கிளம்பியது. முதல் சுற்றில் அவருக்கு முன், அவரைப் போலவே பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் ஐந்து குவார்ட்டர்பேக்குகள் போனார்கள். 27-ஆம் ஆளாக மயாமி அவரை எடுத்தது. மறு ஆண்டே அவர் 5,084 யார்டு எறிந்து, 48 டச் டவுன் போட்டு, லீக்கின் சாதனைப் பட்டியலைத் திருத்தி எழுதவைத்தார்.